பதில் சொல்லாதது யார்? பாக்கெட் கேப்சர் வைத்து நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிப்பது

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்குச் சாயங்காலம்தான் பரபரப்பான நேரம். காட்பாடியில் ரயில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை தேடி வருகிற குடும்பங்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் முதலில் கேட்பது வெந்நீர் வருமா என்று. அடுத்தது வைஃபை பாஸ்வேர்டு. ஊரில் விட்டுவிட்டு வந்த பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும். நாளைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டிய பழைய ரிப்போர்ட்டைப் போனில் இறக்க வேண்டும். அவர்களுக்கு நெட் என்பது பொழுதுபோக்கு கிடையாது.

அப்படி ஒரு லாட்ஜிலிருந்து ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "சார், மூணு நாளா தங்கியிருக்கிறவங்களுக்கு எல்லாம் நெட் வருது. இன்னைக்கு வந்தவங்களுக்கு மட்டும் வரல. ரவுட்டரை ரெண்டு வாட்டி ஆஃப் பண்ணிப் போட்டேன். போட்டா கொஞ்ச நேரம் நல்லா ஆவுது, அப்புறம் மறுபடியும் அதே கதை."

நான் போய்ச் சேருவதற்குள் அங்கே மூன்று தீர்ப்புகள் தயாராக இருந்தன. லைனே சரியில்லை என்றார் ஒருவர். ரவுட்டர் பழசு, புதுசு மாத்தணும் என்றார் இன்னொருவர். ஆள் ஜாஸ்தி, ஸ்பீடு பத்தலை என்பது மூன்றாவது. மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனால் ஒன்றுக்கும் கையில் ஆதாரம் இல்லை. லேப்டாப்பைத் திறந்து பாக்கெட் கேப்சர் ஓடவிட்டேன். இரண்டு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. என்ன தெரிந்தது என்பதைச் சொல்வதற்கு முன், கேப்சர் என்றால் என்ன, அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கணினி படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பொறுமை இருந்தால் போதும்.

பொட்டலமும் பிரதியும்

போனிலிருந்து ஒரு படம் அனுப்பினால் அது ஒரே மூட்டையாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்துக் கட்டி அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்பியவர் முகவரி, சேர வேண்டியவர் முகவரி, எத்தனையாவது துண்டு என்ற கணக்கு எல்லாம் இருக்கும். இதுதான் பாக்கெட். வழக்கமான ஈதர்நெட் லைனில் ஒரு பாக்கெட் 1500 பைட்டுக்கு மேல் போகாது. 3 எம்பி படம் ஒன்றை அனுப்ப இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள் வேண்டும். (இந்த 1500 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் இதுவே ஒரு பெரிய தலைவலிக்குக் காரணமாக வரப்போகிறது.)

நம் கணினியின் நெட்வொர்க் கார்டு வழியாகப் போகிற, வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரதி எடுத்து, எந்த நொடியில் கடந்தது என்று நேரம் போட்டு வைப்பதுதான் கேப்சர். அசல் பாக்கெட் அது பாட்டுக்குத் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். பேச்சுவார்த்தை முடிந்த பிறகு, யார் எப்போது என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னார் என்று வரி வரியாகத் திரும்பப் பார்க்கலாம்.

இதற்கான கருவிகளில் மூத்தது டிசிபிடம்ப். 1988-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் மூவரும் எழுதியது. கட்டளை அடித்து வேலை வாங்க வேண்டிய கருவி அது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது வயர்ஷார்க். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-ல் ஈதிரியல் என்ற பெயரில் வெளியிட்டார்; 2006-ல் பெயர் மாறியது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்தவுடன் நெட்வொர்க் கார்டுகளின் பட்டியல் காட்டும். எந்தப் பெயருக்குப் பக்கத்தில் கோடு நாடித்துடிப்பு மாதிரி ஏறி இறங்குகிறதோ, அதில்தான் போக்குவரத்து நடக்கிறது. அதை இரண்டு தடவை தட்டினால் கேப்சர் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் கேப்சரைத் தொடங்குங்கள். அப்புறம் கோளாறை வரவழையுங்கள். அப்புறம் உடனே நிறுத்துங்கள். கோளாறு வந்த பிறகு கேப்சர் தொடங்கினால் பேச்சின் தொடக்கமே நம்மிடம் இருக்காது. தொடக்கத்தில்தான் பாதி விஷயம் கிடக்கிறது.

அலோ, கேக்குதா?

கிராமத்து வீட்டுக்குப் போன் போட்டால் பேச்சு எப்படித் தொடங்கும்? "அலோ!" என்கிறோம். அந்தப் பக்கத்திலிருந்து, "அலோ, கேக்குது, நான் பேசுறது கேக்குதா?" என்று வரும். "கேக்குது, சொல்லு" என்போம். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கே வருவோம். இணையத்தில் பெரும்பாலான வேலைகளுக்குப் பின்னால் இருக்கும் டிசிபி என்ற நெறிமுறையும் அப்படியே மூன்று சொல்லில்தான் பேச்சைத் தொடங்குகிறது. நம் கணினி அனுப்புவது சின். எதிர்ப்பக்க சர்வர் திருப்பி அனுப்புவது சின்-ஆக். நம் கணினி முடித்து வைப்பது ஆக். இதற்கான விதிகள் 1981-லேயே எழுதப்பட்டவை. 2022-ல் அவற்றைத் திருத்தித் தொகுத்து மறுபடி வெளியிட்டார்கள், அடிப்படை மாறவில்லை.

வயர்ஷார்க்கில் இந்த மூன்றும் அடுத்தடுத்த மூன்று வரிகளாகத் தெரியும். கோளாறு என்று வந்தால் என் கண் முதலில் போவது அங்கேதான். "அலோ" சொன்ன பிறகு என்ன நடந்தது?

சின்-ஆக் திரும்பி வந்திருந்தால் வழி திறந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறார். லைன் மேல் பழி போடுவதை அத்தோடு நிறுத்திவிடலாம். கோளாறு அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது.

சின் போன உடனே ரீசெட் என்ற பாக்கெட் திரும்பி வந்தால், யாரோ கதவைத் திறந்து "இங்க யாரும் இல்ல, போ" என்று சொல்லிவிட்டார்கள் என்று பொருள். பெரும்பாலும் அந்த சர்வர் கணினி உயிரோடுதான் இருக்கும்; அதில் ஓட வேண்டிய மென்பொருள் ஓடவில்லை. பில்லிங் சர்வரை யாராவது ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மென்பொருளைத் திறக்க மறந்துபோன கடைகளில் இதை நிறையப் பார்க்கலாம். சில நேரம் நடுவில் காவல்காரன் மாதிரி எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலும் இப்படி மறுப்புச் சொல்லும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. மௌனம். சின் போகிறது, பதில் இல்லை. ஒரு நொடி கழித்து அதே சின் மறுபடி போகிறது. அப்புறம் 2 நொடி, 4 நொடி, 8 நொடி என்று இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே போகும். திரையில் அதற்குப் பக்கத்தில் ரீட்ரான்ஸ்மிஷன் என்று எழுதியிருக்கும். பயனாளிக்குத் தெரிவது சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் மட்டும்தான். மௌனத்துக்குப் பல காரணம் இருக்கலாம். முகவரி தப்பு, சர்வர் அணைந்திருக்கிறது, வழியில் ஃபயர்வால் சத்தமில்லாமல் பாக்கெட்டை விழுங்குகிறது, பதில் புறப்பட்டும் திரும்பிவர வழி இல்லை. ஆனாலும் மறுப்பையும் மௌனத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். "கனெக்ட் ஆகல" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் ஒளிந்திருக்கின்றன. கேப்சர்தான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

லாட்ஜில் கேட்ட மௌனம்

இப்போது காந்தி ரோட்டுக்குத் திரும்புவோம். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் நெட் இல்லை என்பதால், அலோ சொல்வதற்கும் முந்தைய கட்டத்தில் சந்தேகம் வந்தது. ஒரு போன் வைஃபையில் சேர்ந்தவுடன் அதற்கு ஒரு முகவரி வேண்டும். அறைக்கு எண் இல்லாமல் சாவி கொடுக்க முடியாது இல்லையா, அது மாதிரி. அந்த ஐபி முகவரியைக் கொடுக்கிற வேலையை ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற ஏற்பாடு செய்கிறது. இதிலும் நான்கு வரிப் பேச்சு உண்டு. "முகவரி கொடுக்க யாராவது இருக்கீங்களா?" என்று போன் பொதுவாகக் கத்தும், இது டிஸ்கவர். "இந்த முகவரி காலியா இருக்கு, எடுத்துக்கோ" என்று ரவுட்டர் சொல்லும், இது ஆஃபர். "சரி, அதையே கொடு" என்பது ரிக்வெஸ்ட். "கொடுத்தாச்சு" என்பது ஆக்.

என் லேப்டாப்பை அந்த வைஃபையில் இணைத்து, ஃபில்டர் கட்டத்தில் டிஎச்சிபி என்று மட்டும் அடித்து வைத்தேன். திரையில் வந்தது டிஸ்கவர். அனுப்பியவர் முகவரி 0.0.0.0, ஏனென்றால் லேப்டாப்புக்கு இன்னும் முகவரி கிடைக்கவில்லை. சேருமிடம் 255.255.255.255, அதாவது எல்லோருக்கும். சில நொடி கழித்து மறுபடியும் டிஸ்கவர். மறுபடியும் டிஸ்கவர். ஆஃபர் ஒன்றுகூட இல்லை. கடைசியில் விண்டோஸ் சலித்துப்போய் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொண்டது. அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் ஒன்றைப் புரிந்துகொள்ளலாம்: கேட்டது, யாரும் கொடுக்கவில்லை.

ஆக, லைன் வரைக்கும் போகவே இல்லை. இன்டர்நெட் கம்பெனிக்கு இதில் சம்பந்தமே கிடையாது. மேனேஜர் அனுமதியோடு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். கொடுக்க வைத்திருந்த முகவரிகள் 192.168.1.100 முதல் 199 வரை. மொத்தம் நூறு. ஒருமுறை கொடுத்தால் 24 மணி நேரத்துக்கு அது அவருடையது. நாற்பது அறை, அறைக்கு இரண்டு மூன்று பேர், ஆளுக்கு ஒரு போன். காலையில் காலி செய்துவிட்டு ரயில் ஏறியவர்களின் முகவரியும் மறுநாள் வரை பூட்டியே கிடக்கிறது. சாயங்காலம் வருகிற கூட்டத்துக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொடுத்த கணக்கையே அது மறந்துவிடுகிறது, அதனால் கொஞ்ச நேரம் எல்லோருக்கும் கிடைக்கிறது. மேனேஜர் சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் இதில் பொருந்தியது.

முகவரி வரம்பை 10 முதல் 250 வரை அகலப்படுத்தி, கொடுக்கும் காலத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன். போன் அறையிலேயே இருந்தால் பாதி நேரம் கழிந்ததும் அதுவே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். போய்விட்டால் முகவரி சீக்கிரம் காலியாகிவிடும். புது ரவுட்டர் வாங்கும் செலவு மிச்சம்.

பெயர் கேட்பதும் நேரம் பார்ப்பதும்

முகவரி கிடைத்தாலும் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அதுதான் டிஎன்எஸ். நாம் தளத்தின் பெயரை அடிக்கிறோம். கணினி அந்தப் பெயருக்கு என்ன ஐபி முகவரி என்று டிஎன்எஸ் சர்வரின் 53-ஆம் போர்ட்டில், அதாவது அந்த வேலைக்கென்று எண் போட்ட வாசலில், கேட்கிறது. பதில் வந்த பிறகுதான் அலோவே சொல்ல முடியும். கேப்சரில் கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி.

குடியாத்தத்தில் ஓர் அச்சகத்தில், லினக்ஸ் போட்ட ஒரு கணினியில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் கொஞ்சம் திணறிவிட்டு, அப்புறம் சடாரென்று திறக்கும். கேப்சரில் பார்த்தால் முதல் கேள்வி ஒரு முகவரிக்குப் போகிறது, பதில் இல்லை. சரியாக 5 நொடி கழித்து அதே கேள்வி வேறொரு முகவரிக்குப் போகிறது, உடனே பதில். லினக்ஸில் ஒரு டிஎன்எஸ் சர்வருக்காகக் காத்திருக்கும் வழக்கமான நேரம் 5 நொடி. பட்டியலில் முதலாவதாக இருந்தது எப்போதோ கழற்றிப் போட்ட பழைய ரவுட்டரின் முகவரி. அதை நீக்கியதோடு சரி.

இந்த மாதிரி விஷயங்களில் உதவுவது நேரம் காட்டும் பத்திதான். முந்தைய வரிக்கும் இந்த வரிக்கும் எவ்வளவு இடைவெளி என்று காட்டும்படி அதை மாற்றிக்கொள்ளலாம். முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். "நெட் ஸ்லோ" என்ற புகாருக்கு இதைவிட நல்ல நீதிபதி இல்லை என்பது என் கருத்து.

ஏன் என்றால், அலோவுக்குப் பதில் சொல்லும் வேலையை எதிர்ப்பக்க இயங்குதளமே யோசிக்காமல் செய்துவிடும். அதனால் சின்னுக்கும் சின்-ஆக்குக்கும் நடுவில் இருக்கும் நேரம் கிட்டத்தட்ட முழுக்கப் பயண நேரம்தான். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர ஒன்றரை மில்லிநொடி போதும். வழியில் இருக்கும் ரவுட்டர்கள், சுற்றுப்பாதை எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூடும். அப்படி 10 மில்லிநொடியில் அலோவுக்குப் பதில் வந்துவிட்டது, ஆனால் "பில் பட்டியலைக் கொடு" என்ற கேள்விக்கு 6 நொடி கழித்துத்தான் தரவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 6 நொடியும் சர்வர் யோசித்த நேரம். கேபிளை மாற்றினாலும், இரண்டு மடங்கு வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் அது குறையாது. மாறாக அலோவுக்கே 900 மில்லிநொடி ஆகிறது என்றால் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கே நின்று பார்ப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோவார்கள். லேப்டாப்பில் வயர்ஷார்க்கைத் திறந்தால் ஆபீஸில் இருக்கும் எல்லாக் கணினிகளின் பேச்சும் தெரியும் என்று நினைப்பார்கள். தெரியாது. ஆபீஸ் கணினிகளின் கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் இன்றைய ஸ்விட்ச், யாருக்கு உரியதோ அவர் கேபிள் செருகிய போர்ட்டுக்கு மட்டும்தான் பாக்கெட்டை அனுப்பும். நமக்குத் தெரிவது நம் சொந்தப் பேச்சும், எல்லோருக்கும் பொதுவாகக் கத்துகிற சில பாக்கெட்டுகளும்தான். அதனால் கோளாறு எந்தக் கணினியில் இருக்கிறதோ அதிலேயே கேப்சர் எடுப்பது நல்லது. முடியாவிட்டால், ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகல் அனுப்பும் வசதி சில ஸ்விட்சுகளில் இருக்கும், அதைப் பயன்படுத்தலாம். போன் என்றால், லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டாக மாற்றிப் போனை அதில் சேர்த்துவிட்டால் போனின் பேச்சு முழுக்க நம் வழியாகப் போகும்.

இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் எடுக்க முடிந்தால் அதைவிடச் சிறப்பு வேறில்லை. இங்கிருந்து புறப்பட்டது பதிவாகியிருக்கிறது, அங்கே வந்து சேர்ந்தது பதிவாகவில்லை என்றால், தொலைந்தது நடுவழியில். யாரும் மறுக்க முடியாது.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்கிற ஒரு ஆபீஸ். புதிதாக ஃபைபர் லைன் போட்டார்கள். மறுநாளிலிருந்து விநோதமான புகார். மெயில் போகிறது, ஃபைல் இணைத்து அனுப்பினால் போகவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் போகிறது. ஸ்பீடு டெஸ்ட்டில் இறக்கம் நன்றாகக் காட்டுகிறது. கப்பலுக்கான ஆவணத்தை வெளிநாட்டு வாடிக்கையாளரின் தளத்தில் ஏற்றினால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. கப்பல் தேதி நெருங்குகிறது, அந்த ஆபீஸின் பெண் கணக்காளர் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் பென் டிரைவோடு நடந்துகொண்டிருந்தார்.

கேப்சரில் அலோ, பதில், சரி மூன்றும் அழகாக முடிந்திருந்தன. அதன் பிறகு வந்த சின்னப் பாக்கெட்டுகளும் போய் வந்தன. ஃபைலை ஏற்றத் தொடங்கியதும் நீளம் 1514 என்று காட்டும் வரிகள் வந்தன. 1500 பைட் பாக்கெட்டும் அதற்கு மேல் 14 பைட் ஈதர்நெட் உறையும் சேர்ந்தது அது. அந்த வரிகளுக்கு மட்டும் ஒப்புகை, அதாவது வந்து சேர்ந்தது என்ற பதில், வரவில்லை. அரை நொடிக்குள் மறுபடி அனுப்புகிறது, அப்புறம் இரட்டிப்பு இடைவெளியில், மறுபடி இரட்டிப்பு இடைவெளியில். 1514 நீளமுள்ள ஒரே பாக்கெட் கறுப்புப் பட்டையில் திரும்பத் திரும்ப. வேறு எதுவும் தொலையவில்லை.

ரயில்வே பாலத்துக்கு அடியில் போகும் சாலைகளில், முன்னால் ஓர் இரும்புச் சட்டம் நட்டு வைத்திருப்பார்கள். ஸ்கூட்டர் போகும், கார் போகும். வைக்கோல் ஏற்றிய லாரி போகாது. இங்கேயும் அதுதான் நடந்தது. அந்த ஃபைபர் லைன் பிபிபிஓஇ என்ற முறையில் இணைகிறது. அந்த முறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். 1500 போகிற வழியில் இப்போது 1492 மட்டும்தான் போகும்.

இது புது விஷயம் இல்லை. இதற்கு ஏற்பாடும் உண்டு. பாக்கெட் பெரிதாக இருந்தால், பாதை குறுகும் இடத்தில் இருக்கும் ரவுட்டர், "இது நுழையாது, 1492-க்குள்ள கட்டி அனுப்பு" என்று ஐசிஎம்பி என்ற வகையில் ஒரு சேதி திருப்பி அனுப்பும். அனுப்பியவர் சின்னதாகக் கட்டி மறுபடி அனுப்புவார். அந்தச் சேதி இந்த ஆபீஸ் கணினிக்கு ஏன் வரவில்லை? ஃபைபர் ரவுட்டருக்கும் கணினிகளுக்கும் நடுவில் ஒரு ஃபயர்வால் பெட்டி இருந்தது. அதைப் போட்டவர், பாதுகாப்புக்காக, பிங் (எதிர்ப்பக்கம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) பதிலைத் தவிர மற்ற ஐசிஎம்பி சேதிகளை எல்லாம் தடை செய்து வைத்திருந்தார். பழைய லைனில் அதனால் பிரச்சினை வரவில்லை. புது லைனில் லாரி முட்டிக்கொண்டு நிற்கிறது. திரும்பிப் போ என்று சொல்ல வந்த ஆளை வாசலிலேயே மடக்கிவிட்டார்கள்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. உடைத்து அனுப்பாதே என்ற நிபந்தனையோடு பிங் கட்டளையில் அளவை நாமே கொடுக்கலாம். பிங்கின் உறை 28 பைட். 1464 கொடுத்தால் மொத்தம் 1492, போய் வந்தது. 1465 கொடுத்தேன், மௌனம். ஒரே ஒரு பைட்.

ஃபயர்வாலில் அந்த ஒரு வகைச் சேதிக்கு மட்டும் வழிவிட்டோம். கூடவே ஃபைபர் ரவுட்டரில் எம்எஸ்எஸ் அளவைக் கட்டுப்படுத்தும் வசதியையும் போட்டோம். எம்எஸ்எஸ் என்பது, அலோ சொல்லும்போதே "என்னால ஒரு தடவைக்கு இவ்வளவுதான் வாங்க முடியும்" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும் அளவு. 1500-ல் உறைகளுக்கான 40 பைட் போக 1460. இந்த வசதி இருந்தால், கடந்து போகும் அலோவிலேயே அந்த எண்ணை ரவுட்டர் 1452 ஆகத் திருத்திவிடும். மறுபடி கேப்சர் எடுத்துப் பார்த்தேன். முன்பு சின்-ஆக் வரியில் 1460 இருந்த இடத்தில் 1452 இருந்தது. ஃபைல் ஏறியது.

பயப்பட வேண்டாதவை

வயர்ஷார்க் நிறம் காட்டிப் பயமுறுத்தும். கறுப்புப் பட்டையில் சிவப்பு எழுத்து வந்தால் உடனே குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். வைஃபையில் ஆயிரம் பாக்கெட்டுக்கு நாலைந்து திரும்ப அனுப்பப்படுவது சாதாரணம். அதே மாதிரி நம் கணினியிலிருந்து புறப்படும் பாக்கெட்டுகளில் செக்சம் (பாக்கெட் வழியில் கெட்டுப்போகவில்லை என்று சரிபார்க்கும் கணக்கு) தப்பு என்று காட்டினால், பெரும்பாலும் அது தப்பே இல்லை. அந்தக் கணக்கைப் போடும் வேலையை நெட்வொர்க் கார்டிடம் ஒப்படைத்திருப்பார்கள். கார்டு கணக்குப் போடுவதற்கு முன்பே கேப்சர் பிரதி எடுத்துவிடுகிறது. 1514-ஐவிடப் பெரிய பாக்கெட்டுகள் நம் பக்கத்திலிருந்து புறப்படுவதாகக் காட்டினாலும் அதே காரணம்தான். பெரிய கட்டாகக் கொடுத்துவிட்டால், பிரிக்கும் வேலையைக் கார்டு பார்த்துக்கொள்ளும்.

உள்ளடக்கம் தெரியவில்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டிய உறையில்தான் பேசுகின்றன. கடிதத்தைப் படிக்க முடியாது. முகவரி, நேரம், அளவு மூன்றும் உறையின் மேலேயே இருக்கின்றன. மேலே சொன்ன எந்தக் கோளாறுக்கும் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டிய தேவை வரவில்லை.

ஆனால் பூட்டாத உறைகளும் இன்னும் இருக்கின்றன. பழைய கேமரா ரெக்கார்டர், பழைய பிரிண்டர் பக்கம் போன்றவற்றின் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தில் தெரியும். அதனால் உங்கள் சொந்த நெட்வொர்க்கில், அல்லது உரிமையாளர் சம்மதித்த இடத்தில் மட்டும் கேப்சர் எடுங்கள். அந்த லாட்ஜில் நான் என் லேப்டாப்பின் பேச்சை மட்டும்தான் எடுத்தேன். நோயாளியோடு வந்திருக்கிற ஒருவர் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. கேப்சர் ஃபைலை உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். தேவையான வரிகளை மட்டும் பிரித்துச் சேமித்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்.

பழகிப் பார்க்க இன்றைக்கே ஒன்று செய்யலாம். வயர்ஷார்க்கைத் தொடங்கி, ஒரு தளத்தைத் திறந்து, நிறுத்துங்கள். டிஎன்எஸ் கேள்வியைக் கண்டுபிடியுங்கள், அதன் பதிலைக் கண்டுபிடியுங்கள், அந்தப் பதிலில் இருக்கும் முகவரிக்குப் போன சின்னைத் தேடுங்கள், அலோவுக்குப் பதில் வர எத்தனை மில்லிநொடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் நன்றாக ஓடுகிற நாளில் எடுத்த அந்த ஃபைலுக்குத் தேதி போட்டு வைத்துவிடுங்கள். கோளாறு வரும் நாளில் பக்கத்தில் வைத்து ஒப்பிட அதுதான் வேண்டும். காந்தி ரோடு லாட்ஜில் வேலை முடிந்த இரவு எடுத்ததும் என்னிடம் இருக்கிறது. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக். நான்கே வரி.